நம்ம மலையில் ஒரு எம்டிபி பந்தயம்: தேதி, அனுமதி, செலவு

நீலகிரியில் மலைச் சைக்கிள் (எம்டிபி) பந்தயம் நடத்த, "இந்த ஆபீஸில் இந்தப் படிவத்தைக் கொடுத்தால் போதும்" என்று ஒரு வழி கிடையாது. போலீஸில் கேட்டால் வனத்துறைக்கு அனுப்புவார்கள். வனத்துறை கலெக்டர் அலுவலகத்தைக் காட்டும். அங்கே போனால், "நிலம் யாருடையது, அவர் கடிதம் எங்கே?" என்பார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நண்பர்களோடு சேர்ந்து பந்தய வேலை பார்த்ததில் இந்தச் சுற்றில் நன்றாகவே அலைந்தோம். ஏற்பாட்டுக் குழுவில் புதிதாகச் சேரும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது நூறு, நூற்றைம்பது பேர் ஏற்றமும் இறக்கமுமாகச் சுற்றி ஓட்டும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு. மலையுச்சியிலிருந்து ஒரே இறக்கமாக இறங்கும் டவுன்ஹில் பந்தயம் வேறு சமாச்சாரம். முதல் வருடமே அதில் கை வைக்காதீர்கள்.

1. தேதியை முதலில் பிடியுங்கள்

பாதையைவிட தேதிதான் முதல் வேலை. பந்தயம் நடத்தத் தோதான நாட்கள் இங்கே மிகக் குறைவு.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு எல்லாம் அப்போதுதான். கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. ஏப்ரல், மே சீசன்: அறை கிடைக்காது, சாலையில் வண்டி நகராது, போலீஸுக்கும் ஆள் இருக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீ விபத்து நடந்த பிறகு, வெயில் காலத்தில் காட்டை ஒட்டி எது கேட்டாலும் வனத்துறை தயங்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மிச்சம் இருப்பது பொங்கல் முடிந்து பிப்ரவரி முதல் பத்து நாள் வரை. அதிலும் ஜனவரி 26ஐ ஒட்டிய ஞாயிறு வேண்டாம், போலீஸ் முழுக்க குடியரசு தின வேலையில் இருக்கும். இன்னொரு வாய்ப்பு, ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். தென்மேற்கு மழை தொட்டபெட்டாவின் மேற்கே கொட்டிவிட்டுப் போவதால் கோத்தகிரிப் பக்கம் அப்போது ஓரளவு காய்ந்திருக்கும். நான் ஜனவரி கடைசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். காலையில் பனி விறைக்கும், ஆனால் மண் கெட்டியாக இருக்கும்.

கிழமை ஞாயிறாக இருக்கட்டும். தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கும் வேலை இருக்காது. அதற்காகப் பாதை காலியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், சிறு விவசாயிகள் ஞாயிறும் பறிப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வரும் வாய்ப்பு உள்ள மாதமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் கையில் இருக்கும் அனுமதியையும் மறுபடி உறுதி செய்ய வேண்டிவரும்.

தேதிக்கு ஆறு மாதம் முன்னால் வேலையை ஆரம்பியுங்கள். நான்கு மாதத்தில் முடிப்பேன் என்பவர் ஏற்கனவே நடத்திய அனுபவசாலியாக இருக்க வேண்டும்.

2. சின்னச் சுற்று, ஒரே நிலம்

புதியவர்கள் எல்லோரும் விரும்புவது ஊட்டியில் கிளம்பி எங்கேயோ போய் முடியும் 60 கிலோமீட்டர் பாதையைத்தான். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் எத்தனை நில உரிமையாளர், எத்தனை ஊர், எத்தனை சாலைக் கடப்பு, எத்தனை காப்புக்காட்டுத் துண்டு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம். ஒருவர் மறுத்தாலும் பாதை அறுந்துவிடும்.

பன்னாட்டு சைக்கிள் சம்மேளனமான யுசிஐயின் ஒலிம்பிக் வகை கிராஸ் கன்ட்ரி சுற்றே 4 முதல் 6 கிலோமீட்டர்தான். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே எஸ்டேட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் சுற்று, தொடக்கநிலை ஆட்களுக்கு இரண்டு முறை, மற்றவர்களுக்கு நான்கோ ஐந்தோ. பாதையில் நின்று பார்த்துக்கொள்ளும் மார்ஷல் பாதி பேர் போதும், ஆம்புலன்ஸ் ஒரே இடத்தில் நிற்கலாம், பார்க்க வருபவர்களும் ஒரே ஆளைப் பலமுறை பார்க்கலாம்.

தேயிலைத் தோட்டப் பாதைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. கவாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைத் தாழ வெட்டிவிட்ட புலத்தின் ஓரம் வளைவு வைக்காதீர்கள். வெட்டுப்பட்ட கிளை நுனிகள் ஈட்டி நட்டு வைத்த மாதிரி நிற்கும், அதன்மேல் விழுந்தால் சாதாரணக் காயமாக இருக்காது. வேறு வழியே இல்லையென்றால் வைக்கோல் திணித்த சாக்குகளை வரிசையாக அடுக்குங்கள். வெட்டிய குச்சிகள் பாதையில் கிடந்து டியூப்பைக் குத்தும், அதைக் கூட்டித் தள்ள ஆள் வேண்டும். கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புக்குள் காய்ந்த இலை ஒரு ஜாண் உயரத்துக்குக் கிடக்கும். மேலே உலர்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், பிரேக் பிடித்தால் வழுக்கும். பந்தயத்துக்கு முந்தைய வாரம் மருந்து அடிக்கிறார்களா என்று தோட்டக் கண்டக்டரிடம் (தோட்ட வேலையை மேற்பார்க்கும் ஆள்) கேளுங்கள். அடிப்பதாக இருந்தால் பாதையோரப் புலங்களை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று: பாதையைச் சரிசெய்ய ஜேசிபி கூப்பிடாதீர்கள். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை அனுமதியில்லாமல் இறக்கினால் வண்டியையே பறிமுதல் செய்வார்கள். உங்கள் பந்தயமும் அன்றோடு முடிந்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் போதும்.

3. நிலம் யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

"அது எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க இடம்தாங்க" என்பதை வைத்துக்கொண்டு பாதை போடக் கூடாது. சுற்றை ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்து, அது எந்தெந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் குறித்து வாங்குங்கள். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் ஆன்லைனிலேயே எடுக்கலாம். ஆனால் வி.ஏ.ஓ. பார்த்துச் சொல்வதன் மதிப்பு வேறு.

மூன்று இடங்களில் சிக்கும்.

காப்புக்காடு: பாதையில் ஐம்பது மீட்டர் காப்புக்காட்டுக்குள் நுழைந்தாலும் விவகாரம் வனத்துறைக்குப் போய்விடும். அந்த ஐம்பது மீட்டரைத் தவிர்த்து வளைத்துப் போடுங்கள். முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியை நினைக்கவே வேண்டாம்.

தனியார் காடு: பட்டா நிலமாகவே இருந்தாலும், 1949ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட இடமாக இருக்கலாம். சோலையும் மரமும் அடர்ந்த எஸ்டேட் மூலைகளில் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். உரிமையாளருக்கே சில சமயம் நினைவிருக்காது.

கூடலூரின் பிரிவு 17 நிலங்கள்: 1969ஆம் வருட ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும், நெடுநாள் வழக்கில் இழுபடும் நிலங்கள். அங்கே யாரிடம் கடிதம் வாங்குவது என்பதே கேள்வி. வேறு இடம் பாருங்கள்.

எஸ்டேட் நிர்வாகத்திடம் வாங்கும் கடிதத்தில் தேதி, பயிற்சி நாள், புல எண்கள், எத்தனை பேர், எத்தனை வண்டி நிறுத்தலாம், சேதம் ஆனால் யார் பொறுப்பு எல்லாம் இருக்க வேண்டும். "அனுமதி அளிக்கிறோம்" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, விவரமாக இன்னொன்று கேளுங்கள்.

4. ஊரில் பேசுங்கள்

ஆபீஸ் ஏறும் முன் ஊருக்குப் போங்கள். பாதையை ஒட்டிய ஹட்டியில் (படுகர் ஊர்) ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். பந்தய நாளில் ஊரில் பண்டிகை, கல்யாணம் இருக்கிறதா, ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் வழி எது, மாடு ஓட்டிப் போகும் நேரம் எது என்றெல்லாம் அங்கேதான் தெரியும். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தை அம்மன் பண்டிகை வரும், அந்த நாட்களில் ஊர்ப் பாதையைக் கேட்பதே தப்பு. ஊரில் துக்கம் நடந்தால் என்ன செய்வது என்றும் அப்போதே பேசிவைத்துவிடுங்கள். சுற்றை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு மாற்றுவழி கையில் இருக்கட்டும்.

சாப்பாடு, ஜீப், தங்கும் வீடு, மார்ஷல் வேலை என்று எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் அதே ஊருக்குக் கொடுங்கள். ஊர்க்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் கோப்பில் இருந்தால், மேலே உள்ள அதிகாரி உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

5. யார் பெயரில் கேட்பது?

நாலு நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவாக இருந்துகொண்டு அனுமதி கேட்க முடியாது. பதிவு செய்த சைக்கிள் கிளப்போ விளையாட்டு மன்றமோ உங்கள் ஊரில் இருந்தால் அதன் பெயரில் போங்கள். இல்லையென்றால் 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கம் பதியலாம், குறைந்தது ஏழு பேர் வேண்டும். பிறகு சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு. பதிவுக் கட்டணத்தை ஒருவருடைய சொந்த யுபிஐயில் வாங்காதீர்கள். வருமான வரி ஒருபக்கம் இருக்கட்டும், நட்பே போய்விடும்.

பந்தய முடிவுகள் அதிகாரப்பூர்வமாகக் கணக்கில் வர வேண்டும் என்றால் மாநிலச் சைக்கிள் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அது இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் நாட்காட்டியோடு பொருந்த வேண்டும். முதல் வருடம் இது தேவையில்லை என்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: உரிமம் வைத்திருக்கும் வீரர் அங்கீகாரம் இல்லாத பந்தயத்தில் ஓட்டினால் யுசிஐ விதிப்படி அவர்மேல் நடவடிக்கை வரலாம். பதிவுப் பக்கத்தில் "இது அங்கீகாரம் பெறாத உள்ளூர்ப் பந்தயம்" என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள்.

6. கோப்பும் ஆபீஸ் வரிசையும்

ஒரே கோப்பை எட்டுப் பிரதி எடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஒரு பக்கக் கடிதம், புல எண் குறித்த பாதை வரைபடம், நில உரிமையாளர் கடிதம், ஊர்க் கடிதம், பொறுப்பாளர்களின் ஆதார் நகல், மருத்துவர் ஒப்புதல், ஆம்புலன்ஸ் ஒப்புதல், இன்ஷூரன்ஸ் விலைப்புள்ளி, மார்ஷல் பட்டியல், வண்டி நிறுத்தும் இடம், குப்பைத் திட்டம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்குக் கடைசி ஆள் வெளியே. இந்த மூன்றைத்தான் முதலில் தேடுவார்கள்.

வரிசை இப்படி. முதலில் உள்ளாட்சி: பஞ்சாயத்துச் சாலையைத் தொட்டால் அவர்களிடமும் ஒரு கடிதம். அடுத்து வனச்சரக அலுவலர். பாதை காட்டுக்குள் போகாவிட்டாலும் நேரில் போய் வரைபடத்தைக் காட்டி, டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். யானையும் காட்டெருமையும் அன்று எந்தப் பக்கம் என்று உங்களுக்குச் சொல்லப்போவது அவர்கள்தான். பிறகு கலெக்டர் அலுவலகம், கடைசியில் எஸ்.பி. அலுவலகம். போலீஸுக்குக் கொடுக்கும்போது டிஎஸ்பிக்கும் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் நகல். மைக் செட்டுக்குத் தனியாகக் கேளுங்கள்.

எங்கே கொடுத்தாலும் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னால் அந்தக் காகிதம் இல்லை என்றே அர்த்தம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகம் போகாதீர்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள். புதன், வியாழன் காலை நல்லது. பதில் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி நடுவில் மாறினால் முதலிலிருந்து விளக்க வேண்டும், அதற்குத்தான் எட்டுப் பிரதி.

அனுமதி கைக்கு வராமல் பதிவைத் திறக்காதீர்கள். கட்டணம் வாங்கிவிட்டு தேதி மாறினால் அத்தனை பேருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

7. செலவு

எங்கள் பக்கம் பார்த்த கணக்கு இது. உங்கள் ஊரில் கூடும், குறையும். 120 பேருக்கு மொத்தம் மூன்று லட்சம் ரூபாய் வரை வந்துவிடும்.

தனியார் ஆம்புலன்ஸ், ஆக்ஸிஜனும் டெக்னீஷியனும் சேர்த்து, நாளுக்கு ரூ.8,000 முதல் 12,000. சிப் வைத்த டைமிங் தலைக்கு ரூ.150 முதல் 250, மேலே மலைக்கு ஆளும் கருவியும் கொண்டுவரும் செலவு தனி. நம்பர் பிளேட் தலைக்கு நூறுக்குள். மார்ஷல் முப்பது பேர், சாப்பாடும் கைச்செலவும் சேர்த்து ஆளுக்கு ரூ.700. எஸ்டேட்டில் கட்டி, பிறகு திரும்ப வாங்கும் முன்பணம் பத்தாயிரத்துக்கு மேல். காலை டிபன், மதியச் சாப்பாடு, கழிப்பறை, கோப்பை, டி-ஷர்ட். கடைசி இரண்டில்தான் புதியவர்கள் பணத்தை விடுவார்கள். டி-ஷர்ட் இல்லையென்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கழிப்பறை இல்லையென்றால் அடுத்த வருடம் பெண்கள் யாரும் வரமாட்டார்கள்.

ஒருவருக்கு ரூ.1,500 வாங்கினால் 1.8 லட்சம். மிச்சத்தை ஸ்பான்சர்தான் தர வேண்டும். ஸ்பான்சர் சொன்ன தொகையில் பாதியாவது பந்தயத்துக்கு முன் கணக்கில் ஏறட்டும். ஒரு கடை பேனரில் பெயரைப் போடச் சொல்லிவிட்டு, முடிந்தபின் மாதக்கணக்கில் "மேனேஜர் ஊர்ல இல்ல" என்றது. ஏறாத பணத்துக்குப் பேனர் அடிக்காதீர்கள். கம்பெனிகள் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக்கொண்டுதான் தரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸில் இரண்டு வேறு வேறு: ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீடு ஒன்று, மூன்றாம் நபருக்கும் அவர் சொத்துக்கும் ஆகும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு இன்னொன்று. பாலிசியில் "சைக்கிள் பந்தயம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பல விபத்துப் பாலிசிகளில் பந்தயம் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். "பொறுப்பு எனக்கே" என்று ஓட்டுபவரிடம் வாங்கும் கையெழுத்து இதற்கு மாற்று ஆகாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து, அதுவும் நேரில்.

8. அடிபட்டால் யார், எப்படி, எங்கே

108 எல்லோருக்கும் பொதுவானது, அழைப்பு வந்த இடத்துக்குப் போய்விடும். அதை நம்பிப் பந்தயம் நடத்தக் கூடாது.

ஆம்புலன்ஸ் எஸ்டேட் கொண்டை ஊசி வளைவில் ஏறாது. முந்தின நாள் டிரைவரைப் பாதையில் நடத்திக் கூட்டிப்போய், எந்த இடம் வரை வண்டி வரும் என்று காட்டுங்கள். அங்கிருந்து உள்ளே நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்றும் ஸ்ட்ரெச்சரும் வேண்டும். பாதை முழுக்க மார்ஷல் நிற்கும் இடங்களுக்கு எண் கொடுங்கள்: ஏழாம் புள்ளி, எட்டாம் புள்ளி. "அந்தப் பெரிய கற்பூர மரத்துக்குப் பக்கத்துல" என்று போனில் சொன்னால் நீலகிரியில் எந்த மரம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மார்ஷலுக்கு அடுத்த மார்ஷல் கண்ணில் பட வேண்டும், ஆளுக்கொரு விசில்.

தோளெலும்பு முறிவுதான் அதிகம் நடப்பது. அதற்குப் பக்கத்து மருத்துவமனை போதும். தலைக்காயம் என்றால் கோவைக்கு இறக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரையே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு ஆம்புலன்ஸ் கீழே போய்விட்டால் பந்தயத்தை நிறுத்துவதா, இன்னொன்று வருமா என்பதை முன்பே எழுதி வையுங்கள். என்னைக் கேட்டால், இன்னொன்று வந்து நிற்கும்வரை நிறுத்த வேண்டும்.

செல்போன் சிக்னல் பள்ளங்களில் கிடைக்காது. வாக்கி டாக்கி வாடகைக்கு எடுத்தால் உரிமம் தேவைப்படாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வகையா என்று கேட்டு எடுங்கள். மற்றவற்றுக்கு உரிமம் வேண்டும். டிரோன் விட ஆசைப்படும் நண்பர் ஒருவர் எப்படியும் இருப்பார். வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் பக்கத்தில் இருக்கின்றன. எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் பறக்கவிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காட்டெருமையும் கரடியும் விடியலிலும் அந்தியிலும் நடமாடும். எட்டு மணிக்கு முன் யாரையும் பாதையில் விடாதீர்கள், மூன்று மணிக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பாதையில் காட்டெருமை நின்றால் விசிலடித்து ஓட்டுபவர்களை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் ஒரே வழி. துரத்தப் போகக் கூடாது.

9. அடையாளமும் குப்பையும்

பிளாஸ்டிக் டேப் கட்டாதீர்கள். மாடு தின்னும், நீலகிரியில் பிளாஸ்டிக் தடையும் உண்டு. பழைய வேட்டி, சேலையைக் கிழித்து நிறத்துணி கட்டுங்கள். தரையில் சுண்ணாம்பு அம்புக்குறி, ஆனால் இரவுப் பனியில் பாதி அழிந்துவிடும், காலையில் ஒருவர் சுற்றை ஓட்டிப் பார்த்து மறுபடி போட வேண்டும். ஆபத்தான இறக்கத்துக்குக் கீழ்நோக்கிய அம்பு: ஒன்று என்றால் கவனம், மூன்று என்றால் மிக ஆபத்து. இது யுசிஐ பழக்கம், வெளியூர் ஆட்களுக்கும் புரியும்.

தண்ணீர் கேனில்தான், பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். ஓட்டும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல் பாக்கெட் கொண்டுவருபவர்களிடம் ஒரு வேலை: பதிவு மேசையில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவருடைய பந்தய எண்ணை மார்க்கரில் எழுதிவிடுங்கள். எண் எழுதிய பாக்கெட் பாதையில் கிடந்தால் அவர் பெயர் முடிவுப் பட்டியலில் இருக்காது. இந்த ஒரு விதியை வைத்தால் போதும், அடுத்த நாள் குப்பை பொறுக்க ஆள் தேட வேண்டியதில்லை.

10. பந்தய வாரம்

வெளியூர்க்காரர்களுக்கு, நீலகிரிக்கு வண்டியில் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றி இரண்டு முறை மெயில் அனுப்புங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் இல்லை, நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டாம். எடுக்காமல் வந்தவர் கல்லாறு சோதனைச்சாவடியிலோ குஞ்சப்பனையிலோ நின்றுகொண்டு உங்களுக்குத்தான் போன் போடுவார். சமவெளியிலிருந்து வருபவர்களை முந்தின நாளே மேலே வரச் சொல்லுங்கள். குன்னூரே 1,850 மீட்டர் உயரம், முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும்.

மழை பெய்தால் செம்மண் டயரில் ஒட்டி சக்கரமே சுற்றாது, பாதையும் குலைந்துபோகும், எஸ்டேட்டுக்குக் கோபம் வரும். சனி மாலை நான்கு மணிக்கு நடத்துவதா, தள்ளுவதா என்று மூன்று பேர் முடிவெடுக்க வேண்டும். எந்த மூன்று பேர் என்பது எழுத்தில் இருக்கட்டும். பணம் திரும்புமா, அடுத்த தேதிக்கு மாறுமா என்பது பதிவுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசி ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் ஓட்டி வந்து, ஒவ்வொரு புள்ளியிலும் மார்ஷலை விடுவித்துக்கொண்டே வரட்டும். பதிவில் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை, நடுவில் விட்டவர் எத்தனை என்று கூட்டிச் சரிபார்க்காமல் மைக் செட்டைக் கழற்றக் கூடாது. விட்டவர்கள் சொல்லாமல் காரேறிப் போய்விடுவார்கள். நம்பர் பிளேட்டைத் திருப்பித் தந்தால்தான் சாப்பாட்டுக் கூப்பன் என்று வையுங்கள், யாரும் காணாமல் போக மாட்டார்கள்.

11. முடிந்த பிறகு

திங்கள் காலை எஸ்டேட் ஆளோடு சுற்றை நடந்து பாருங்கள். உடைந்த தண்ணீர்க் குழாய், மிதிபட்ட செடி, சரிந்த வரப்பு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றே விலை பேசி முடியுங்கள். அப்போதுதான் முன்பணம் சீக்கிரம் திரும்பும். மார்ஷல்களுக்கு ஞாயிறு மாலையே பணம். ரேஞ்சருக்கும் ஸ்டேஷனுக்கும் முடிவறிக்கை ஒரு பக்கம்: எத்தனை பேர், எத்தனை காயம், குப்பை எடுத்த படம். கணக்கை ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த வருடத் தேதி மனதில் இருந்தால், எஸ்டேட் மேனேஜரிடம் முன்பணம் வாங்கப் போகும்போதே அதற்கும் ஒரு கடிதம் கொடுத்து சீல் வாங்கிவிடுங்கள்.